அட்டெண்டன்ஸ் எடுக்குது உங்க போன்!

மூணு பேர் சேர்ந்து காசு போட்டு ஹாஸ்டல் ரூமுக்கு ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்கியாச்சு. டப்பாவைப் பிரிச்சாச்சு, பிளக்கில் சொருகியாச்சு, லைட்டும் எரியுது. போனில் ஆப்பைத் திறந்தால் ஒரு சக்கரம் சுத்துது... சுத்துது... சுத்திக்கிட்டே இருக்கு. கடைசியில் 'கருவி எதுவும் கிடைக்கவில்லை' என்று கையை விரிக்கிறது. அடப்பாவி! ஸ்பீக்கர் இருப்பது அரை அடி தூரத்தில். நம்ம கண்ணுக்குத் தெரியுது, கைக்கு எட்டுது, போனுக்கு மட்டும் தெரியலையா?

"டூப்ளிகேட் பீஸ் மச்சி, அப்பவே சொன்னேன்ல" என்பார் ஒருத்தர். "வைஃபை மொக்கைடா" என்பார் இன்னொருத்தர். மூணாவது ஆள் பேசாமல் ரீசெட் பட்டனைக் குத்த குண்டூசி தேடிக்கிட்டிருப்பார்.

அதே ஸ்பீக்கரை லீவுக்கு வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பாருங்க. ரெண்டே செகண்டில் 'இதோ இருக்கேன்' என்று பல்லைக் காட்டும். ஸ்பீக்கரும் ஓகே, போனும் ஓகே. அப்போ தப்பு யாருடையது?

பதில் தெரிஞ்சா அசந்துடுவீங்க. பெரும்பாலும் அது தப்பே இல்லை. உங்க ஹாஸ்டல் வைஃபை உங்களுக்கு ஒரு நல்லது பண்ணிக்கிட்டிருக்கு! எப்படின்னு புரியணும்னா, ஒரே வைஃபையில் இருக்கிற கருவிகள் ஒண்ணை ஒண்ணு எப்படித் தேடுது, எப்படி நம்புதுன்னு தெரியணும். பயப்படாதீங்க, நமக்குத் தெரிஞ்ச காலேஜ் பாஷையிலேயே பார்த்துடலாம்.

முதல்ல அட்மிஷன்

புது பல்ப், பிளக், ஸ்பீக்கர்... இதுகளுக்கு ஸ்கிரீனும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. உங்க வைஃபை பேரையும் பாஸ்வேர்டையும் அதுக்கு எப்படிச் சொல்றது? ரெண்டு வழி புழக்கத்தில் இருக்கு.

ஒண்ணு, கருவியே கொஞ்ச நேரத்துக்கு ஒரு குட்டி வைஃபையைக் கிளப்பும். உங்க போன் அதில் சேர்ந்து, 'எங்க வைஃபை பேர் இது, பாஸ்வேர்டு இது' என்று காதில் ஓதிட்டு வெளியே வந்துடும். உடனே கருவி தன் கடையை மூடிட்டு உங்க வைஃபைக்கு வந்துவிடும். இன்னொண்ணு, இதே ரகசியத்தை புளூடூத் வழியாகச் சொல்வது. அதான் ஆப் ஆரம்பத்திலேயே 'புளூடூத் ஆன் பண்ணு' என்று அடம் பிடிக்கிறது.

நிறைய பேருக்கு அட்மிஷனிலேயே சீட்டு கிழிஞ்சுடுது. காரணங்கள் இதோ:

ஒண்ணு: விலை குறைஞ்ச பிளக், பல்புகளில் இருக்கிற சிப்புகள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் பேசும். ப்ராஜெக்ட்டுக்கு நீங்க வாங்குற ஈஎஸ்பி8266 அந்த ஜாதிதான். ரௌட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஆனில் இருந்தா, பல்புக்கு அந்த வைஃபை இருப்பதே தெரியாது.

ரெண்டு: காலேஜ் வைஃபையில் சேர்ந்ததும் பிரவுசரில் ஒரு லாகின் பக்கம் வருமே, பேர், பாஸ்வேர்டு கேட்டு? பல்புக்கு ஏது பிரவுசர்?

மூணு: சில கேம்பஸ்களில் ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனி ஐடி, பாஸ்வேர்டு. வைஃபையில் சேரும்போதே அதைக் கொடுத்தாகணும். இந்த முறை பெரும்பாலான வீட்டு உபயோகக் கருவிகளுக்குத் தெரியவே தெரியாது. ரெஜிஸ்டர் நம்பர் இல்லாத பல்பை யார் உள்ளே விடுவாங்க?

அப்புறம் ரூம் நம்பர்

உள்ளே வந்தாச்சு. அடுத்து ரூம் வேணுமே? ரௌட்டருக்குள் ஒரு வார்டன் உட்கார்ந்திருக்கார். பேரு டிஎச்சிபி. புதுசா வர்ற ஒவ்வொரு கருவிக்கும் அவர் ஒரு ஐபி முகவரி தருவார். வீட்டு நெட்வொர்க்கில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். உதாரணமா 192.168.1.23.

ஒரு டிப்ஸ், குறிச்சுக்குங்க. உங்க லேப்டாப்பின் முகவரி 169.254 என்று தொடங்கினால், வார்டன் பதிலே சொல்லலைன்னு அர்த்தம். ரூம் கிடைக்காத பையன் வராந்தாவில் பாய் விரிக்கிற மாதிரி, கருவி தனக்குத் தானே ஒரு நம்பரைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் ஆப்பைத் திட்டிப் பிரயோஜனமில்லை, ரௌட்டரைப் பாருங்க.

இந்த வார்டன்கிட்டே ஒரு வம்பு. அவர் தர்ற ரூம் நிரந்தரமில்லை, வாடகைக்குத்தான். இன்னைக்கு 23, கரண்ட் போயிட்டு வந்தா 41 ஆகவும் இருக்கலாம். அதனால உங்க ஆப் ஒரு நம்பரை மனப்பாடம் பண்ணி வச்சுக்க முடியாது. பேரை வச்சுத்தான் தேடணும்.

இன்டர்நெட்டில் பேரைச் சொன்னா நம்பரைச் சொல்றதுக்கு டிஎன்எஸ் என்று பெரிய ஏற்பாடே இருக்கு. உங்க ரூம் பல்புக்கு யார் போய் அதில் பேர் பதிஞ்சு வைப்பா? ஆளே இல்லை. அப்போ என்ன வழி?

"பிரசென்ட் சார்!"

வழி ரொம்ப சிம்பிள். கிளாஸில் நாம தினம் பண்றதுதான். அட்டெண்டன்ஸ்!

உங்க போன் வைஃபையில் பொதுவாக ஒரு குரல் கொடுக்கும்: "பாட்டு வாசிக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?" அந்த நெட்வொர்க்கில் இருக்கிற எல்லோர் காதிலும் அது விழும். பிரிண்டர் கண்டுக்காது. பல்ப் கண்டுக்காது. ஸ்பீக்கர் மட்டும் கையைத் தூக்கும்: "பிரசென்ட் சார்! என் பேரு இது, நான் இந்த மாடல், என் முகவரி 192.168.1.23, இந்த நம்பர் கதவைத் தட்டுங்க." உங்க போனில் ஸ்பீக்கர் பேர் தோன்றுவது அந்த பதில் வந்த பிறகுதான். இதுக்குப் பேரு மல்டிகாஸ்ட் டிஎன்எஸ், சுருக்கமா எம்டிஎன்எஸ். குரல் போகிற இடம் 224.0.0.251 என்ற பொது முகவரி, போர்ட் நம்பர் 5353.

இது நேத்து முளைச்ச சமாசாரம் இல்லை. கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் ஒயரில் மாட்டினாலே ஒண்ணை ஒண்ணு கண்டுபிடிக்கிற வித்தை, ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கம்ப்யூட்டர்களில் 1980களிலேயே இருந்துச்சு. அதே சுகம் இன்டர்நெட் பாஷையிலும் வேணும்னு 1999-ல் ஒரு குழு வேலையை ஆரம்பிச்சது. அதில் முக்கியமான ஆள் ஸ்டூவர்ட் செஷயர். 2002-ல் ஆப்பிள் இதை 'ராந்தேவூ' என்ற பெயரில் வெளியிட்டது. பேர் தகராறு வந்ததால் 2005-ல் 'போன்ஜூர்' என்று மாற்றியது. பிரெஞ்சில் அதுக்கு அர்த்தம் 'வணக்கம்'. எவ்வளவு பொருத்தம் பாருங்க! எல்லோரும் பின்பற்றும் முறையான விதியாக அது அச்சானது 2013-ல்.

மைக்ரோசாஃப்ட் பக்கத்து ஆளுங்க சும்மா இருப்பாங்களா? அவங்களும் கூட்டாளிகளும் 1999-லேயே 'யூபிஎன்பி' என்ற இன்னொரு முறைக்கு அமைப்பே ஆரம்பிச்சாங்க. அதுவும் இதே அட்டெண்டன்ஸ்தான், வேற ரிஜிஸ்டர். முகவரி 239.255.255.250, போர்ட் 1900. இன்னைக்கும் டிவி, ரௌட்டர், கேம் கன்சோல் என்று பல கருவிகளில் இந்த ரெண்டு ரிஜிஸ்டரும் ஓடிக்கிட்டிருக்கு.

ஹாஸ்டல்ல மட்டும் ஏன் கேட்கலை?

இப்போ நம்ம ஸ்பீக்கர் கதைக்கு வருவோம். அது எப்படியோ வைஃபைக்குள் வந்து சேர்ந்துடுச்சுன்னே வச்சுக்குவோம். போன் குரல் கொடுக்குது, பதில் இல்லை. ஏன்? முதலில் உங்க போன் பக்கம் பாருங்க.

போன் வைஃபையை விட்டுட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருக்கா? அப்படின்னா நீங்க வேற காலேஜ் கிளாஸில் நின்னு பேர் கூப்பிடுறீங்க. விபிஎன் ஆனில் இருக்கா? உங்க குரல் சுரங்கப் பாதை வழியா வெளியூர் போயிடலாம். ஐபோனா? 2020-ல் வந்த ஐஓஎஸ் 14-லிருந்து, 'லோக்கல் நெட்வொர்க்கில் இருக்கும் கருவிகளைத் தேட இந்த ஆப்பை அனுமதிக்கலாமா' என்று போன் கேட்கும். அவசரத்தில் 'வேண்டாம்' தட்டியிருந்தா, ஆப் வாயில் பிளாஸ்திரிதான். செட்டிங்ஸில் பிரைவசி பக்கம் போய் மாத்திக்கலாம்.

இதெல்லாம் சரியா இருந்தும் கேட்கலைன்னா, சங்கதி ஹாஸ்டல் பக்கம் இருக்கு.

முதலாவது, பிளாக் பிரிவினை. பெரிய கேம்பஸில் ஒரே வைஃபை பேர் தெரிஞ்சாலும் உள்ளே பல நெட்வொர்க்குகளாகப் பிரிச்சு வச்சிருப்பாங்க. எம்டிஎன்எஸ் குரல் ஒரு வகுப்புச் சுவரைத் தாண்டிப் போகாது. ரௌட்டர் அதை அடுத்த நெட்வொர்க்குக்குக் கடத்தவே கூடாதுங்கிறது விதி. நீங்க ஏ செக்ஷன், ஸ்பீக்கர் பி செக்ஷன்னா, கத்தினாலும் பலனில்லை.

இரண்டாவது, கூட்டம். ஒருத்தருக்கு மட்டும் சொல்றதை வைஃபை படு வேகமாகச் சொல்லிடும். எல்லோருக்கும் சொல்லணும்னா, கடைசி பெஞ்சுக்கும் புரியும்படி நிறுத்தி நிதானமாகத்தான் சொல்லியாகணும். ஆயிரம் போன்கள் ஒரே நேரத்தில் இப்படி அட்டெண்டன்ஸ் எடுத்தா கிளாஸ் எப்போ நடக்கிறது? அதனால நெட்வொர்க் பார்க்கிறவங்க இந்தப் பொதுக் குரலையே மட்டுப்படுத்தி வைப்பாங்க.

மூன்றாவதுதான் முக்கியம். 'கிளையன்ட் ஐசொலேஷன்' என்று ரௌட்டரில் ஒரு வசதி உண்டு. அதை ஆன் பண்ணிட்டா, ஒவ்வொரு கருவியும் இன்டர்நெட்டுக்குப் போகலாம், வரலாம். ஆனா பக்கத்துக் கருவியோடு மட்டும் பேச முடியாது. எக்ஸாம் ஹால் மாதிரி! சூப்பர்வைசரிடம் பேசலாம், பக்கத்து பெஞ்சிடம் மூச். ரயில்வே ஸ்டேஷன், காபி கடை, ஹாஸ்டல் என்று முகம் தெரியாதவங்க கூடும் வைஃபைகளில் இதை வேணும்னேதான் போட்டு வைப்பாங்க.

"என் ஸ்பீக்கரோடு நான் பேசக்கூடாதா? இது என்னங்க அநியாயம்?" அப்படின்னு கேட்கிறீங்க. அதுக்குக் காரணம் ப்ராக்ஸி.

ப்ராக்ஸி கொடுக்கிறது யாரு?

அட்டெண்டன்ஸில் உள்ள ஓட்டை உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா என்ன? "ரோல் நம்பர் 27" என்று கூப்பிட்டா, 'பிரசென்ட் சார்' சொன்னது 27-தானா என்று சார் எழுந்து வந்து பார்ப்பதில்லை. எம்டிஎன்எஸ்ஸும் அப்படித்தான். 'லைப்ரரி பிரிண்டர் எங்கே' என்று உங்க லேப்டாப் கேட்க, 'நான்தான்' என்று யாருடைய கம்ப்யூட்டர் வேணும்னாலும் பதில் சொல்லலாம். பதில் சொன்னவரை சரி பார்க்கும் ஏற்பாடு இதில் இல்லை. உங்க ரெஸ்யூமே, அப்பாவின் சம்பளச் சான்றிதழ் எல்லாம் போகக்கூடாத இடத்துக்குப் போக வாய்ப்பு இருக்கு.

ரெண்டாவது, அட்டெண்டன்ஸ் எடுப்பது எல்லோர் காதிலும் விழும். உங்க போனுக்கும் லேப்டாப்புக்கும் என்ன பேர் வச்சிருக்கீங்க? முழுப் பேர், இனிஷியல், டிபார்ட்மென்ட்டோடவா? ஐசொலேஷன் இல்லாத வைஃபையில் நீங்க சேர்ந்ததும், அந்தப் பேர் அங்கே இருக்கிற அத்தனை பேருக்கும் போய்ச் சேரக்கூடும். காபி கடையில் மூணாவது டேபிளில் இருக்கிற முன்பின் தெரியாத ஆளுக்கு உங்க பேர் தெரிஞ்சாகணும்னு என்ன தலையெழுத்து? குறிப்பா கேர்ள்ஸ் இதை கவனிங்க. தொல்லை கொடுக்க நினைக்கிறவனுக்கு ஒரு பேர் போதும், மீதியை அவன் இன்டர்நெட்டில் தேடிக்குவான்.

மூணாவது, இந்தக் கருவிகளில் பலவும் 'ஒரே வைஃபையில் இருக்கிறவங்க எல்லாம் ஒரே குடும்பம்' என்று நம்பும் வெள்ளந்தி ஜாதி. பாஸ்வேர்டு கேட்காமல் பிரிண்டர் அச்சடிக்கும், டிவி வீடியோ ஓட்டும். வீட்டில் அப்பா, அம்மா, தங்கச்சி மட்டும் இருக்கும்போது இது சௌகரியம். நானூறு பேர் இருக்கிற ஹாஸ்டலில்? நைட்டு ரெண்டு மணிக்கு உங்க ஸ்பீக்கரில் பக்கத்து விங் ஆள் ஒப்பாரிப் பாட்டு போட்டா சிரிச்சுக்கலாம். ரூமைப் பார்த்துக்கிட்டிருக்கும் வைஃபை கேமராவை அவர் திறந்தா?

வாசலைத் திறந்து வச்ச கதை

உள்ளே இருக்கிறவங்களை நம்புவது ஒரு பக்கம். அந்த நம்பிக்கை வீட்டுக்கு வெளியே கசிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ரெண்டு உண்மைச் சம்பவங்கள்.

2019 ஜனவரியில், உலகின் பல வீடுகளில் டிவி தானாக ஒரு வீடியோவை ஓட்டியது. 'உங்க கருவி ஊருக்கே தெரியும்படி திறந்து கிடக்கு, ஒரு யூடியூபருக்கு சப்ஸ்கிரைப் பண்ணுங்க' என்று அதில் செய்தி! நடந்தது இதுதான்: யூபிஎன்பியில் இன்னொரு வசதி உண்டு. உள்ளே இருக்கிற கருவி, 'எனக்கு வெளியிலிருந்து ஆள் வரணும், ஒரு கதவைத் திற' என்று ரௌட்டரிடம் கேட்கலாம். ரௌட்டரும் உங்களை ஒரு வார்த்தை கேட்காமல் திறந்துவிடும். அப்படித் திறந்து கிடந்த கதவுகள் வழியாகத்தான் குரோம்காஸ்ட்களுக்குள் புகுந்தார்கள். ரூமுக்குள் மட்டும் கேட்க வேண்டிய 'பிரசென்ட் சார்' தெருவுக்கே கேட்டுவிட்டது.

அடுத்தது இன்னும் பெரிசு. 2016-ல் 'மிராய்' என்று ஒரு புரோகிராம். இன்டர்நெட்டில் திறந்து கிடக்கும் கேமராக்களையும் ரௌட்டர்களையும் அது தேடித் தேடிப் போச்சு. கையில் அறுபதுக்கும் மேற்பட்ட ஃபாக்டரி ஐடி, பாஸ்வேர்டு ஜோடிகள். அட்மின், அட்மின்... இந்த ரகம்தான். டப்பாவில் வந்த பாஸ்வேர்டை மாத்தாத கருவிகளை எல்லாம் பிடிச்சு ஒரு படையே திரட்டியது. எழுதியவர்களே அதன் கோடை வெளியிட்டார்கள். அதை எடுத்து வேறு ஆட்கள் 2016 அக்டோபர் 21 அன்று டின் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கினார்கள். அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் தடுமாறின.

மிராயை எழுதியவர்களில் ஒருவர் பராஸ் ஜா. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மாணவர். தன் காலேஜ் நெட்வொர்க்கையே பல முறை தாக்கி முடக்கியவர். 2017 டிசம்பரில் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மிராய் வழக்கில் 2018-ல் அவருக்கும் கூட்டாளிகள் ரெண்டு பேருக்கும் ஐந்து வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 2,500 மணி நேர சமூகப் பணி. காலேஜைத் தாக்கிய வழக்கில் அவருக்கு மட்டும் தனியா ஆறு மாத வீட்டுக் காவல், கூடவே 86 லட்சம் டாலர் நஷ்ட ஈடு. திறமை இருந்த கைக்கு வேலை கொடுக்க எத்தனை நல்ல கம்பெனி இருந்தது... யோசிச்சுப் பாருங்க.

நம்ம ஊரிலும் சட்டம் உண்டு பாஸ். அடுத்தவர் கருவிக்குள் அனுமதி இல்லாமல் கெட்ட எண்ணத்தோடு நுழைந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-வது பிரிவில் மூணு வருடம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். 'சும்மா ஜாலிக்கு டிரை பண்ணேன்' என்பது நீதிபதி முன்னாடி செல்லுபடி ஆகும்னு நம்பி இறங்காதீங்க.

இப்போ வருது ஹால் டிக்கெட்

அட்டெண்டன்ஸுக்குக் குரல் போதும். பரீட்சை எழுத? ஹால் டிக்கெட், அதில் போட்டோ, கையெழுத்து! கருவிகள் உலகமும் லேட்டா அந்த முடிவுக்குத்தான் வந்திருக்கு.

ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் எல்லாம் சேர்ந்து உருவாக்கி, 2022 அக்டோபரில் முதல் வடிவம் வெளியான 'மேட்டர்' என்ற தரம் இப்படி வேலை செய்யுது. கருவியின் மேல் ஒரு கியூஆர் கோடு ஒட்டியிருக்கும். உங்க போன் முதலில் அதை ஸ்கேன் பண்ணும். கருவியைக் கையில் வச்சிருக்கிறவருக்குத்தான் அந்த கோடு தெரியும் இல்லையா? அதை வச்சு ரெண்டும் ரகசியமாகப் பேசி, கருவி ஒரிஜினல்தானா என்று அதன் சான்றிதழைப் பார்த்து, உங்க வீட்டுக்கென்று ஒரு டிஜிட்டல் அடையாள அட்டையைக் கொடுத்துவிடும். அதுக்கப்புறமும் தேடுவது பழைய எம்டிஎன்எஸ் அட்டெண்டன்ஸ் மூலமாகத்தான். ஆனா 'பிரசென்ட்' சொன்னா மட்டும் போதாது, அட்டையைக் காட்டினாத்தான் பேச்சே. ப்ராக்ஸி அவுட்!

அடுத்த முறை பிளக், பல்ப் வாங்கும்போது டப்பாவில் 'மேட்டர்' முத்திரை இருக்கான்னு பாருங்க. அந்த கியூஆர் கோடு இருக்கிற அட்டையைத் தூக்கிப் போட்டுடாதீங்க, ஊருக்கே தெரியும்படி போட்டோவும் போடாதீங்க.

ரூம்ல கேமரா இருக்கா?

இன்டர்வியூவுக்கு, ஐவிக்கு, எக்ஸாமுக்கு என்று வெளியூர் லாட்ஜில் தங்குறீங்க. 'ஒளிச்சு வச்ச கேமராவைக் கண்டுபிடிக்கும் ஆப்' என்று ஏகப்பட்டது கிடைக்கும். அதில் பலவும் நாம பார்த்த வேலையைத்தான் செய்யும்: அந்த வைஃபையில் இருக்கிற கருவிகளுக்கு அட்டெண்டன்ஸ். லிஸ்டில் கேமரா கம்பெனி பேர் வந்தா உஷாராகலாம். ஆனா லிஸ்ட் காலியா இருந்தா 'ரூம் சுத்தம்' என்று அர்த்தமே இல்லை!

ஏன்னு இப்போ நீங்களே சொல்லுவீங்க. ஐசொலேஷன் ஆனில் இருந்தா யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. கேமரா வேற நெட்வொர்க்கில் இருக்கலாம். தனி சிம் போட்டிருக்கலாம். மெமரி கார்டில் மட்டும் பதிவு பண்ணிக்கிட்டு வைஃபை பக்கமே வராமல் இருக்கலாம். அதனால ஆப்போடு நிறுத்தாம கண்ணாலும் தேடுங்க. கட்டிலையும் பாத்ரூமையும் பார்த்தபடி இருக்கும் ஸ்மோக் டிடெக்டர், கடிகாரம், சார்ஜர், செட்டாப் பாக்ஸ், சுவிட்ச் போர்டு ஓட்டை. லைட்டை அணைச்சு டார்ச் அடிச்சா லென்ஸ் பளிச்சிடும். சிக்கினால் பிடுங்கி எறியாதீங்க. இருந்த இடத்திலேயே போட்டோ எடுத்துட்டு, வெளியே வந்து 112-க்கு போன் போடுங்க. பெண்களுக்கு 181-ம் உண்டு. இதுக்கு அதே சட்டத்தில் 66-ஈ பிரிவு தனியா இருக்கு.

இந்த வாரம் பண்ண வேண்டியது

1. போன், லேப்டாப் பேரை மாத்துங்க. முழுப் பேர் வேண்டாம். 'வாழைப்பழம்' என்று வச்சாலும் அழகாத்தான் இருக்கும்.

2. விண்டோஸ் லேப்டாப்பா? ஹாஸ்டல் வைஃபைக்கு நெட்வொர்க் வகை 'பப்ளிக்' என்று இருக்கட்டும். அப்போ உங்க லேப்டாப் அட்டெண்டன்ஸுக்குக் கையைத் தூக்காது. வீட்டில் மட்டும் 'பிரைவேட்'.

3. வீட்டு ரௌட்டரில் ஃபாக்டரி பாஸ்வேர்டை மாத்துங்க. யூபிஎன்பியை அணைச்சுப் பாருங்க. எல்லாம் ஒழுங்கா ஓடினா அப்படியே விட்டுடுங்க. அப்பா வாங்கி மாட்டின கேமராவுக்கும் பாஸ்வேர்டு மாத்தியாச்சான்னு கேளுங்க. கேமரா, டிவி, பல்புகளை கெஸ்ட் நெட்வொர்க்கில் தனியா வைக்க முடிஞ்சா இன்னும் உத்தமம். அப்போ போனிலிருந்து டிவியைத் தேடினால் கிடைக்காமல் போகலாம், காரணம்தான் உங்களுக்குத் தெரியுமே.

4. ரூமில் ஸ்பீக்கர் ஓடியே தீரணுமா? ஹாஸ்டல் விதி அனுமதிச்சா, ஒரு சின்ன டிராவல் ரௌட்டர் போட்டு உங்களுக்குன்னு குட்டி நெட்வொர்க் வச்சுக்கலாம். வார்டன் சாரிடம் கேட்டுட்டே செய்யுங்க. இல்லையா, ஒரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, ஸ்பீக்கரையும் இன்னொரு போனையும் அதில் சேருங்க. அதுவும் இல்லையா, ஸ்பீக்கரில் புளூடூத் இருக்கு, வேலை முடிஞ்சது.

5. சிஎஸ், ஈசிஇ மக்களுக்கு ஒரு ஹோம்வொர்க். உங்க சொந்த ஹாட்ஸ்பாட்டில், உங்க சொந்தக் கருவிகளை மட்டும் வச்சுக்கிட்டு வயர்ஷார்க்கைத் திறந்து போர்ட் 5353-ஐ மட்டும் வடிகட்டிப் பாருங்க. லினக்ஸ் என்றால் அவாஹி இருக்கு. யார் கேட்கிறா, யார் பதில் சொல்றா, பதிலில் என்னென்ன உளறுது என்று வரி வரியா ஓடும். ஈஎஸ்பி32 போர்டு கையில் இருந்தா, அதுக்கான ஆர்டுயினோ தொகுப்பிலேயே எம்டிஎன்எஸ் லைப்ரரி இருக்கு. உங்க ப்ராஜெக்ட்டுக்கு ஒரு பேர் வச்சு, அந்தப் பேரோடு 'டாட் லோக்கல்' சேர்த்து பிரவுசரில் அடிச்சா பக்கம் திறக்கும். வைவாவில் ஐபி நம்பரைத் தேடி முழிக்க வேண்டாம். மறக்காம ஒரு பாஸ்வேர்டும் போடுங்க. 'இதை யார் வேணும்னாலும் திறக்கலாமா' என்று எக்ஸ்டர்னல் கேட்கும்போது நிமிர்ந்து பதில் சொல்லலாம்.

ஞாபகம் வச்சுக்க ஒரே ஒரு வரிதான். ஒரு கருவியை வைஃபையில் கண்டுபிடிப்பது வேற, அதை நம்புவது வேற. 'பிரசென்ட் சார்' சத்தம் கேட்டா, யார் குரல்னு ஒரு தடவை திரும்பிப் பாருங்க. சார்கள் பார்க்க மாட்டாங்கங்கிற தைரியத்தில்தானே நாமளே ப்ராக்ஸி கொடுத்துக்கிட்டிருக்கோம்?

அடுத்த வாரம் பார்க்கலாம்... வர்ட்டா!